அடியில் வெள்ளை, மேலே பொன்

கேரளத்தில், கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். 1555 வாக்கில் கொச்சி அரசர் வீர கேரள வர்மனுக்கு அதைக் கொடுத்தார்கள். 1663க்குப் பிறகு பழுது பார்த்த டச்சுக்காரர்களின் பெயர்தான் அதற்கு நிலைத்துவிட்டது. ஊரார் இன்றும் டச்சு அரண்மனை என்றே சொல்கிறார்கள். பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். கீழ்த்தள அறையிலோ இரண்டு கையில் குழலை வைத்துக்கொண்டு மிச்சக் கைகளால் கோபியரைத் தொடும் கண்ணன், வரைந்தவர் குறும்புக்காரர்.

இந்தச் சுவரோவிய மரபைக் கற்ற மூத்த ஓவியரின் பட்டறையையும், தஞ்சாவூர்ப் பலகைப் படம் போடும் பட்டறையையும் ஒப்பிட்டால் எனக்கு முதலில் படுவது, படத்தில் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

சுவரோவியத்தில் ஒளி அடியிலிருந்து வருகிறது. சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையின் மேல், இளநீர் சேர்த்த சுண்ணாம்பை 25 முறைக்கு மேல் பூசி வெளுப்பேற்றுவார்கள். அது காய்ந்த பிறகே வண்ணம். மஞ்சளும் சிவப்பும் செங்கல் நிறக் கற்களிலிருந்து; பச்சைக்கு அவுரிச் சாற்றோடு ஒரு மரத்தின் மஞ்சள் பிசின்; கறுப்பு, நல்லெண்ணெய் விளக்கின் புகைக்கரி. எல்லாம் பிடிக்க வேப்பம்பிசின். தூரிகைக்குப் புல்லும், கன்றின் காதோர மயிரும், தாழை வேரும். வெள்ளை மட்டும் தனியாகக் கிடையாது. சாமியின் கழுத்து முத்தோ, வெண்பட்டோ, பூசாமல் விட்ட சுவர்தான். வண்ணம் மெல்லியது, ஒரு முத்தின் மேல் சிவப்பு ஏறிவிட்டால் மறைக்க வழியில்லை. எனவே எதைத் தொடக்கூடாது என்பதை ஆசான் முதல் கோட்டிலேயே முடிவு செய்தாக வேண்டும். மட்டாஞ்சேரியில் முடிக்காமல் நின்றுபோன ஓவியமும் உண்டு. அதன் முன் கொஞ்சம் நின்றால் இது விளங்கும்.

தஞ்சாவூரில் எல்லாம் மேலே ஏறுகிறது. (பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களைச் சொல்லவில்லை, அவை ஈரச் சுண்ணாம்பில் தீட்டியவை, வேறு கதை.) மராட்டியர் அரண்மனை ஆதரவில் வளர்ந்த படத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசி, கல் பதித்து, மேடெழுப்பும் மக்குப் பசை வைத்து, அதன்மேல் தங்கத்தாள் ஒட்டி, பிறகு வண்ணம். மக்கு கோணலானால் சுரண்டிவிட்டு மறுபடி வைக்கலாம். அதனால் வேலையையும் பிரிக்கலாம்: கல்லும் மக்கும் சின்னவர்கள் கையில், முகமும் கண்ணும் பெரியவர் கையில். வயதான கைக்கு இது எவ்வளவு பெரிய சலுகை! சுவரோவியருக்கு அது குறைவு. மேடுபள்ளம் காட்ட, தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வைத்து நிழலேற்ற வேண்டும். அதில் நடுக்கம் உடனே தெரிந்துவிடும். கடைசிக் கறுப்புக் கோட்டில் இன்னும் நன்றாகத் தெரியும்.

அழகில் என் ஓட்டு சுவருக்கு. பிழைப்பில் தஞ்சாவூர்தான் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு; படத்தைத் தூக்கிக்கொண்டு போய் விற்கலாம், ஒரு குடும்பமே சேர்ந்து செய்யலாம். சுவரோவியமோ ஏறக்குறைய மறந்துபோய், 1970 நவம்பரில் குருவாயூர்க் கோயில் தீப்பிடித்த பிறகு மீண்டது. ஓவியங்கள் தீயில் சேதமான ஸ்ரீகோவில் (கருவறை) சுவர்களில் மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயரும் உடனிருந்தவர்களும் மறுபடி வரைந்தார்கள். 1989இல் கோயில் நிர்வாகமான தேவஸ்வம் தொடங்கிய சுவரோவியப் பயிற்சி நிலையத்துக்கு அவரே முதல் தலைவர். ஒரு தீ இல்லாவிட்டால் இவ்வளவு மாணவர்கள் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இன்று மட்டாஞ்சேரியின் யூதர் தெருக் கடைகளில் விற்கும் சுவரோவியம் பெரும்பாலும் கேன்வாஸில் அக்ரிலிக். தஞ்சாவூரிலும் பலாப்பலகை போய் பிளைவுட் வந்துவிட்டது. இரண்டில் கேரளப் படத்துக்குத்தான் சேதாரம் அதிகம்: அக்ரிலிக்கில் வெள்ளை டப்பா இருக்கிறது, தவறினால் மேலே அடித்துவிடலாம். வாங்கப் போகிறவர்கள் படத்தைச் சாய்த்துப் பிடித்து முத்துமாலையைப் பாருங்கள். முத்துகள் மேலே தடித்து நின்றால் அவை பிறகு வைத்தவை. சுற்றியுள்ள நிறத்துக்குக் கீழே பதுங்கியிருந்தால், அந்த ஓவியரைத் தேடிப் பட்டறைக்கே போய்விடலாம்.