பந்தல் முதலில், மலை பிறகு: கம்பம் பள்ளத்தாக்கில் முழங்கால் குருத்தெலும்பு அறுவைக்குப் பிந்தைய மீட்பு

முழங்கால் குருத்தெலும்பு அறுவைக்குப் பின் ஒருவர் தேறிவிட்டார் என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? விளையாட்டு மருத்துவத்தின் விடை பரவலாக அறியப்பட்டது. அறுவை நடந்த காலின் முன்தொடைத் தசை, மற்றக் காலின் வலிமையில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலால் தாவும் தூரமும் அப்படியே. கால்பந்து ஆட்டக்காரருக்கு இது போதும். கம்பத்திலும் போடியிலும் விடியலில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் அந்தியில் திரும்பும் பெண்ணுக்குப் போதாது. அவருடைய முழங்காலைச் சோதிப்பவை இரண்டு: சரிவில் இறங்குவது, தரையிலிருந்து எழுவது. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதும், அங்கே போய்ச் சேருவதற்கான படிகள் இந்தப் பள்ளத்தாக்கின் வேலைகளிலேயே கிடைக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வேலையைப் பார்ப்போம். ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஆனால் காய் பிடிக்கும் சரம் தூரடியில் கிளம்பித் தரையோடு படரும். காய் எடுப்பவர் குத்தவைத்தோ இடுப்பை வளைத்தோ தூருக்குத் தூர் நகர வேண்டும். நிலம் சரிவு, மழைக்காலத்தில் வழுக்கலும் கூட. சமதரையில் நடக்க முழங்கால் 60, 70 பாகை மடங்கினால் போதும். படியேற 90 பாகை வேண்டியிருக்கும். குத்தவைக்க 130 பாகைக்கு மேல். முழங்கால் சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே விழும் விசையை 1972இல் ரெய்லியும் மார்ட்டென்சும் கணக்கிட்டார்கள். நடக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழப் பாதி, படிகளில் மூன்று மடங்குக்கு மேல், ஆழ மடக்கி எழும்போது ஏழரை மடங்கு. பின்வந்த கணக்குகள், முழுதும் குத்தவைக்கையில் தொடையும் ஆடுசதையும் ஒன்றோடொன்று அழுந்துவதால் இந்தச் சுமை சற்றுக் குறைகிறது என்று திருத்தியிருக்கின்றன. அப்படியானால் ஆபத்து உட்கார்ந்திருக்கும் நிலையில் மட்டும் இல்லை. உட்காரப் போகும் கணத்திலும் எழும் கணத்திலும் கூடுதலாக இருக்கிறது. நாள் முழுவதும் தூருக்குத் தூர் எழுந்து நகரும் வேலையில் இந்தக் கணங்கள்தாம் மிகுதி.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் ஓய்வெடுப்பதே நல்லது’ என்று தோன்றும். குருத்தெலும்பின் இயல்பு அதற்கு இடம் தருவதில்லை. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போது உள்ளே போய்வரும் நீர்மமே அதன் உணவு. சிதைந்த குருத்தெலும்பு தானாக மீள்வதில்லை என்று வில்லியம் ஹன்டர் 1743இலேயே எழுதிவிட்டார். அதன்பின் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் கட்டுப்போட்டுக் காலை அசையாமல் வைப்பதையே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அசைத்தவர் கனடாவின் ராபர்ட் சால்டர். முயல்களின் முழங்காலில் குருத்தெலும்பைத் துளைத்து, சிலவற்றைக் கட்டிவைத்து, சிலவற்றை இயந்திரத்தால் இடைவிடாமல் மெல்ல அசைத்துப் பார்த்தார். 1980இல் வெளியான முடிவுகளில் அசைந்த மூட்டுகளே தெளிவாக நன்றாக ஆறியிருந்தன. மனிதரைப் பற்றிய சான்றும் உண்டு. மூட்டுக்குள் திண்டுபோல் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் நீக்கப்பட்ட நடுவயதினர் நான்கு மாதம் அளவான பயிற்சி செய்தபின் அவர்களுடைய முழங்கால் குருத்தெலும்பின் வேதித்தன்மை மேம்பட்டதை ரூஸும் டால்பெர்க்கும் 2005இல் எம்.ஆர்.ஐ. வழியாகக் காட்டினார்கள். சுமையே கூடாது என்பது பிழை. எவ்வளவு, எப்போது என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு முதலில் குறுக்கே நிற்பது தசை. அறுவை முடிந்து சில நாட்களில் முன்தொடை சூம்பத் தொடங்கும். அதற்குச் சோம்பலைக் குறைசொல்வது வழக்கம். முக்கியக் காரணம் மூட்டுக்குள் கோத்த நீர். நலமான முழங்காலிலும் 20, 30 மில்லி நீர்மத்தை ஏற்றினால், சில்லின் உட்புறத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை அனிச்சையாகத் தடைபடுவதை 1984இல் ஸ்பென்சரும் உடனாய்வாளர்களும் கண்டார்கள். வலியே இல்லாதபோதும் இந்தத் தடை நிகழ்கிறது. வீங்கிய காலில் எடை கட்டித் தூக்கச் சொல்வது வீண் உழைப்பு. முதலில் நீர் வடிய வேண்டும். அதுவரை முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டை வைத்து அழுத்துவது, காலை நீட்டியபடி உயர்த்துவது, இவை போதும். வீக்கம் அடங்கிய பிறகே படிப்படியாகச் சுமையேற்றும் முறைக்கு வேலை. போரில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் முழங்கால்களுக்காக 1945இல் தாமஸ் டிலார்ம் எழுதிவைத்த அந்த முறை இன்றும் பயன்படுகிறது. காலையில் எழும்போது முழங்கால் முந்தைய நாளைவிட உப்பியிருந்தால் நேற்றைய சுமை அதிகம். இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியவில்லை.

எல்லா அறுவைக்கும் ஒரே நாட்கணக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழிந்த மெனிஸ்கஸின் ஓரத்தை நறுக்கி எடுத்தவர் விரைவிலேயே காலூன்றி நடக்கலாம். தைத்தவர், தையல் பிடிக்கும் வரை நான்கு முதல் ஆறு வாரம் பொதுவாக 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. ஆழமாகக் குத்தவைக்க மாதங்கள் ஆகும். எலும்பில் நுண்துளை இடும் மைக்ரோஃப்ராக்சர் செய்தவருக்கு, புண் எடை தாங்கும் பரப்பில் இருந்தால், ஆறு முதல் எட்டு வாரம் பாதத்தை ஒப்புக்குத்தான் தரையில் வைக்க முடியும். ஊரில் மூன்றும் ஜவ்வு ஆபரேஷன்தான். பக்கத்து வீட்டுக்காரர் பத்தே நாளில் வேலைக்குப் போனார் என்ற ஒப்பீட்டால் தையல் பிரிய வாய்ப்பு உண்டு. நடுவயதினரின் தேய்மானக் கிழிசலுக்கு அறுவையே தேவையா என்பதும் தீராத கேள்வி. பின்லாந்தில் 146 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், மெனிஸ்கஸை நறுக்கியவர்களும் நறுக்குவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களும் ஓராண்டுக்குப் பின் ஒரே நிலையில் இருந்தார்கள்.

இனிச் சர்ச்சைக்குரிய இடம். அறுவைக்குப் பின் ‘ஆயுளுக்கும் குத்தவைக்காதீர்கள், சம்மணம் போடாதீர்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்புவதுண்டு. இதற்கு ஆதரவான சான்று இல்லாமல் இல்லை. இளவயதில் நாள்தோறும் நீண்ட நேரம் குத்தவைத்தவர்களிடம் முழங்கால் தேய்மானம் மிகுதி என்று 2004இல் வெளியான பெய்ஜிங் ஆய்வு காட்டியது. ஆனால் அது பேசியது மணிக்கணக்கான குத்தவைப்பை. கழிப்பறையில் சில நிமிடமும் தூரடியில் ஏழு மணி நேரமும் ஒரே தடையின்கீழ் வரமுடியாது. முழுத்தடையை ஏலத்தோட்டப் பெண் கடைப்பிடிக்க முடியாது. கடைப்பிடிக்க முடியாத அறிவுரையை அவர் முழுதாகவே கைவிடுவார். அதோடு பயிற்சியும் போய்விடும்.

இங்கேதான் பள்ளத்தாக்கின் நில அமைப்பு கைகொடுக்கிறது. மேலே சரிவில் ஏலம். கீழே சமதளத்தில் கம்பம், கூடலூர், சின்னமனூர் வட்டாரத்துப் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இத்திராட்சை ஆண்டு முழுதும் அறுவடைக்கு வரும். கொத்து தலைக்கு மேல் தொங்குவதால் நின்றபடியே வெட்டலாம். சலிப்பது கழுத்தும் தோளும்தான். கூடை சுமப்பதைத் தவிர்த்தால், காலூன்றி நடக்கத் தொடங்கிய முழங்காலுக்கு இதைவிடப் பொருத்தமான இடைக்கால வேலை அமைவது அரிது. அடுத்த படி, முக்காலியில் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பது. பிறகு மேட்டில் ஏறுவது. இறங்குவது அதற்கும் பின்னால். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. தளர்ந்த தசை தோற்பது அங்கேதான். ஏலத்தூரடி கடைசி. ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து குதிப்பதை வேலையாக யாரும் எண்ணுவதில்லை. அதையும் கடைசிப் படியில் சேர்க்க வேண்டும்.

ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகலாமா என்று பார்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கை ஊன்றாமல் 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, திண்ணைப் படியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் குதிகாலை மெல்லத் தரைக்குக் கொண்டுவரும்போது முழங்கால் உட்புறம் சாய்கிறதா, தையற்காரரின் நாடாவில் இரு தொடைகளின் சுற்றளவு எவ்வளவு வேறுபடுகிறது, இவை போதும்.

இவற்றைப் பார்ப்பது யார்? க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கம்பத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். வாரம் மூன்று நாள் பிசியோதெரபி என்றால் மூன்று நாள் கூலி போகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இல்லம் தேடிவரும் இயன்முறை மருத்துவச் சேவையும் உண்டு. அறுவை முடித்தவரின் பெயர் மருத்துவமனையிலிருந்து அந்த வட்டார இயன்முறை மருத்துவருக்குத் தானாகவே போய்ச் சேர வேண்டும். எந்த அறுவை, எத்தனை பாகை வரை, எப்போது காலூன்றலாம், எந்த வேலை எந்தப் படியில் என்பதைத் தமிழில் எழுதிய ஒரு தாள் உடன் போக வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு தடை நிற்கும். ஜீப்பில் மலைக்குப் போவதே அங்கே கூலி கூடுதல் என்பதால்தான். 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. பந்தலில் குறைந்த கூலிக்கு நிற்கும் வாரங்களை ஏற்பதில்லை. அந்த வாரங்களின் கூலி வேறுபாட்டைச் சிகிச்சைச் செலவின் பகுதியாகக் கணக்கிட்டு, திட்டத்தின் தொகுப்புத் தொகையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.