கோப்பில் உறங்கிய வீரம்: ஒரு ராணுவப் பல் மருத்துவரின் வரலாறு

போர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் தளபதிகளும் விமானிகளும்தான். பல் மருத்துவர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் பல்வலி வந்த சிப்பாய்க்கு இரவில் தூக்கமும் இல்லை, பகலில் உணவும் இல்லை. அவனால் காவல் நிற்கவும் முடியாது. இதை உணர்ந்தே அமெரிக்கா 1911-லும், பிரிட்டன் 1921-லும் தத்தம் தரைப்படையில் பல் மருத்துவப் பிரிவை நிறுவின. நம் நாட்டில் ராணுவப் பல் மருத்துவப் பிரிவு தோன்றியது 1941 பிப்ரவரி 1-ம் தேதி, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். நம் உறுப்பினர் குடும்பங்களில் பல் மருத்துவம் பயின்ற பிள்ளைகள் பலர் உண்டு. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர், கேப்டன் பென் சாலமன்.

1914 செப்டம்பர் 1-ம் தேதி அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சாலமன். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து 1937-ல் பட்டம் பெற்றார். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தொழில் நடத்திக்கொண்டிருந்தவரை 1940-ல் கட்டாய ராணுவ சேவைக்கு அழைத்தார்கள். பல் மருத்துவராக அல்ல, சாதாரணக் காலாட்படைச் சிப்பாயாக! அங்கும் அவர் சோடை போகவில்லை. துப்பாக்கி சுடுவதில் தேர்ச்சி பெற்று, சார்ஜெண்டாக உயர்ந்து, ஒரு இயந்திரத் துப்பாக்கிப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். இந்த விவரத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1942-ல் அவரைப் பல் மருத்துவப் பிரிவில் அதிகாரியாக நியமித்து உத்தரவு வந்தது. காலாட்படையிலேயே இருக்க விரும்பினார், கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1943-ல் 27-வது டிவிஷனைச் சேர்ந்த 105-வது ரெஜிமெண்டுக்குப் பல் மருத்துவரானார். காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். மாலையில் சிப்பாய்களுடன் பயிற்சியில் இறங்கிவிடுவார். போர்த் தந்திரங்களைக் கற்றுக்கொடுக்கவும் அவரை அழைப்பார்களாம்.

1944 ஜூன் 15-ம் தேதி பசிபிக் கடலில் உள்ள சைப்பான் தீவில் அமெரிக்கப் படைகள் இறங்கின. அங்கிருந்து பி-29 ரக குண்டுவீச்சு விமானங்களால் டோக்கியோவை எட்டிவிட முடியும். ஆகவே ஜப்பானியருக்கு அது உயிர்நிலையான இடம். (தீவு கைவிட்டுப் போன சில நாட்களில், ஜூலை 18 அன்று, பிரதமர் டோஜோ பதவி விலக நேர்ந்தது.) கடும் சண்டை நடக்கும்போது பல் பிடுங்கிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள் அல்லவா? இரண்டாவது பட்டாலியனின் மருத்துவர் காயமடைந்தபோது, அவருடைய இடத்துக்குச் சாலமன் தாமாகவே முன்வந்து சென்றார்.

ஜூலை 7-ம் தேதி விடியற்காலை ஐந்து மணியளவில், தோல்வி நிச்சயம் என்று அறிந்த ஜப்பானியர் இறுதித் தாக்குதலில் இறங்கினர். வந்தவர்கள் 3000 முதல் 5000 பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களை எதிர்கொண்டவை 105-வது ரெஜிமெண்டின் முதல், இரண்டாம் பட்டாலியன்கள். சாலமனின் முதலுதவிக் கூடாரமோ முன்வரிசைக்குச் சுமார் 50 கஜம் பின்னால் இருந்தது. சில நிமிடங்களிலேயே முப்பது பேர் வரை காயங்களுடன் நடந்தும் தவழ்ந்தும் அங்கு வந்து சேர்ந்தனர்.

அப்போது கூடாரத்தருகில் கிடந்த காயம்பட்ட வீரர் ஒருவரை ஒரு ஜப்பானியச் சிப்பாய் பயனெட்டால் குத்துவதைச் சாலமன் கண்டார். உட்கார்ந்த நிலையிலேயே அவனைச் சுட்டு வீழ்த்தினார். திரும்பி நோயாளிகளைக் கவனிப்பதற்குள் வாசல் வழியே இருவர் நுழைந்தனர். கூடாரத் துணியின் அடியில் நால்வர் ஊர்ந்து வந்தனர். அத்தனை பேரையும் கூடாரத்துக்குள்ளேயே எதிர்த்துப் போராடினார். இனி அந்த இடத்தைக் காக்க முடியாது என்பது தெளிவாயிற்று. காயம்பட்டவர்களைப் பின்னாலுள்ள ரெஜிமெண்டின் மருத்துவ நிலையத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, அதுவரை எதிரியைத் தாம் தடுத்து நிறுத்துவதாகக் கூறி வெளியே சென்றார். இயந்திரத் துப்பாக்கியை இயக்கிக்கொண்டிருந்த நால்வர் மடிந்ததும், அதன் பின்னால் அவரே அமர்ந்தார். முன்பு பெற்ற பயிற்சி அங்கே கைகொடுத்தது.

பின்னர் அமெரிக்கர் அவ்விடத்தை மீட்டபோது, துப்பாக்கியின் மேல் சாய்ந்தபடி அவர் உடல் கிடந்தது. எதிரே 98 ஜப்பானியரின் சடலங்கள். அவர் உடலில் 76 குண்டுக் காயங்கள். வயது 29. ஜூலை 9 அன்று சைப்பான் அமெரிக்கர் வசமாயிற்று.

இனிதான் என்னைப் போன்ற அரசு ஊழியர்களுக்குப் பழக்கமான பகுதி தொடங்குகிறது. டிவிஷனின் வரலாற்றாசிரியரான கேப்டன் எட்மண்ட் லவ், சாட்சியங்களைத் திரட்டி, நம் பரம்வீர் சக்ராவுக்கு நிகரான ‘மெடல் ஆஃப் ஆனர்’ விருதுக்கு சாலமனைப் பரிந்துரைத்தார். டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் கிரைனர் அதை ஏற்கவில்லை. சாலமன் கையில் செஞ்சிலுவைப் பட்டை அணிந்தவர், ஜெனீவா உடன்படிக்கையின்படி மருத்துவ அதிகாரி எதிரிக்கு எதிராக ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

பார்வைக்கு நியாயமான குறிப்புதான். செஞ்சிலுவை அணிந்தவர்கள் சுடத் தொடங்கினால், அந்தச் சின்னத்தை எதிரி ஏன் மதிக்க வேண்டும்? அந்தப் பாதுகாப்பே குலைந்துவிடுமே! ஆனால் 1929-ம் ஆண்டு உடன்படிக்கையின் எட்டாவது விதி வேறொன்றையும் சொல்கிறது. மருத்துவப் பணியாளர்கள் ஆயுதம் வைத்திருப்பதாலோ, தற்காப்புக்காகவோ தங்கள் பொறுப்பிலுள்ள நோயாளிகளையும் காயமடைந்தவர்களையும் காப்பதற்காகவோ அதைப் பயன்படுத்துவதாலோ, அவர்களுக்குரிய பாதுகாப்பு பறிபோவதில்லை. கூடாரத்துக்குள் நடந்தது இந்த விலக்குக்குள் ஐயமின்றி அடங்கும். இயந்திரத் துப்பாக்கி விஷயத்தில் வாதத்துக்கு இடமுண்டு. ஆயினும் காயம்பட்டவர்கள் தப்பிச் செல்ல அவகாசம் தேடவே அதன் பின்னால் அவர் அமர்ந்தார் என்பதை மறுக்க முடியாது.

1951-ல் லவ் மீண்டும் முயன்றார். இரண்டாம் உலகப் போர் விருதுகளுக்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்று கோப்பு திரும்பியது. 1969-ல் ராணுவ மருத்துவத் துறைத் தலைவர் ஜென்னிங்ஸ் பரிந்துரைத்தார். 1970-ல் தரைப்படைச் செயலர் ஸ்டான்லி ரீசர் ஒப்புதல் கூறி மேலே அனுப்பினார். நடவடிக்கை ஏதுமின்றி அதுவும் திரும்பிவந்தது. 1998-ல், சாலமன் படித்த அதே கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் வெஸ்ட், காங்கிரஸ் உறுப்பினர் பிராட் ஷெர்மன் மூலம் மறுபடி எடுத்தார். கடைசியில் 2002 மே 1-ம் தேதி, 58 ஆண்டுகளுக்குப் பிறகு, ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் வெள்ளை மாளிகையில் அந்த விருதை வழங்க, கல்லூரியின் சார்பில் வெஸ்ட் பெற்றுக்கொண்டார். இவ்விருது பெற்ற பல் மருத்துவர்கள் மூவரே. மற்ற இருவரான அலெக்சாண்டர் லைலும் வீடன் ஆஸ்போர்னும் முதல் உலகப் போரில், 1918-ல், குண்டு மழையில் காயமடைந்தோரைக் காத்த கடற்படை அதிகாரிகள்.

சாத்வீகத் தொழில் கொண்டவன் ஆயுதம் எடுக்கலாமா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. துரோணரும் கிருபரும் போர்க்களம் புகுந்தது சரியா என்று நம் பெரியோர் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆபத்துக் காலத்துக்கென்று தனித் தர்மம் உண்டு என்று மகாபாரதத்தின் சாந்தி பர்வம் விரிவாகவே பேசுகிறது. தன்னை அண்டிக் கிடப்பவனைக் கொல்ல வருகையில் வைத்தியன் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சாலமன் தம் உயிரையே விடையாகத் தந்தார்.

பல்லாண்டுகள் கோப்புகளோடு உறவாடியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது ஒன்று. விதியின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்பவர்களால் அநீதி நேர்கிறது. விதிவிலக்கையும் சேர்த்துப் படிக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இருந்திருந்தால் 1944-லேயே கிடைத்திருக்க வேண்டிய மரியாதை அது. சோர்வடையாமல் அதே கோப்பை மீண்டும் மீண்டும் தூக்கிச் சென்ற லவ், வெஸ்ட் போன்றவர்களும் நம் வணக்கத்துக்கு உரியவர்களே.