நாகசாகியின் 26 மறைசாட்சிகள்

ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதேயோஷியின் ஆணைப்படி 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் சிலுவையேற்றி ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்ட கத்தோலிக்கர்கள். மறைசாட்சி என்றால் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் பாதிரியார்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். இங்கே கணக்கு வேறு. வெளியிலிருந்து வந்தவர்கள் 6 பிரான்சிஸ்கு சபையினர் மட்டுமே. மீதி 20 பேரும் ஜப்பானியக் கிறிஸ்தவர்கள். பவுல் மீக்கி உட்பட 3 இயேசு சபையினரைத் தவிர்த்தால், வில் செய்பவர், வாள் தீட்டுபவர், சமையல்காரர், தச்சர் என்று எல்லோரும் சாதாரண மக்கள்.

அந்த 6 பேரில் ஒருவர் நம் நாட்டவர். மும்பைக்கு அருகிலுள்ள வசையில் போர்த்துக்கீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த கொன்சாலோ கார்சியா, வணிகராக இருந்து துறவியானவர். ஜப்பானிய மொழி நன்கு தெரிந்ததால் 1593இல் மணிலாவிலிருந்து வந்த குழுவுக்கு மொழிபெயர்ப்பாளரானார்.

குருக்களை வெளியேற்றும் ஆணை 1587இலேயே பிறந்துவிட்டது. இயேசு சபையினர் அடக்கி வாசித்து அங்கேயே தங்கினார்கள். பின்னால் வந்த பிரான்சிஸ்கு சபையினரோ கியோத்தோவில் வெளிப்படையாகப் போதித்தார்கள். 1596இல் சான் ஃபெலிப்பே என்ற ஸ்பானியக் கப்பல் தோசாவில் தரைதட்டியது. முதலில் குருக்கள், பின்னே படை என்று அதன் மாலுமி ஒருவர் உளறியதாக ஒரு கதை உண்டு. இதையடுத்து ஹிதேயோஷி இவர்களைக் கைது செய்து கொல்ல ஆணையிட்டார். அதற்கான பழியை யார்மேல் போடுவது என்று இரு சபைகளும் பிறகு நெடுநாள் சண்டையிட்டன.

கைதிகளின் காதையும் மூக்கையும் அறுக்கச் சொன்னது ஆணை. அதிகாரி இடது காது மடலோடு நிறுத்திக்கொண்டார். கடுங்குளிரில் ஏறத்தாழ ஒரு மாத நடை. புறப்பட்டபோது 24 பேர்தான். அவர்களுக்கு உதவ வழியில் கூடவே வந்த இருவரையும் காவலர்கள் கைதிகளோடு சேர்த்துவிட்டார்கள், அவர்கள் விலகிக்கொள்ளவில்லை. 14 வயது தோமா கோசாக்கி தாய்க்கு எழுதிய பிரியாவிடைக் கடிதம், உடன் மாண்ட தந்தையின் உடலில் கிடைத்தது. எல்லோரிலும் இளையவனான லூயி இபராக்கிக்கு 12 வயது.

1862இல் இவர்களுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இவர்கள் பெயரால் பிரெஞ்சு குருக்கள் நாகசாகியில் எழுப்பிய ஓவுரா ஆலயத்துக்கு 1865 மார்ச் 17 அன்று உராக்காமி ஊரார் சிலர் வந்தனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருக்கள் இல்லாமல் மறைவில் விசுவாசத்தைக் காத்துவந்தவர்கள். அவர்களில் ஒரு பெண் குரு பெத்திழானை நெருங்கி, தாங்களும் அவரைப் போன்றவர்களே என்று தாழ்ந்த குரலில் தெரிவித்துவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்.