குறளின் முதல் அச்சும் ஏடு தந்த கைகளும்

இலத்தீன் மகாகவி வர்ஜிலின் பாடல்கள் 1469ஆம் ஆண்டளவில் உரோமாபுரியில் அச்சேறின. 1501இல் வெனிசு நகரத்து ஆல்டசு மனூசியசு, கையில் அடங்கும் சிறு நூலாக, சாய்வெழுத்தில் அவற்றை மீண்டும் பதிப்பித்தார். மாந்துவாவின் மார்க்கீசுப் பெருமாட்டி இசபெல்லா தோற்றாளில் அச்சிட்ட படியையே கேட்டுப் பெற்றார். அந்நூலை உடையவர் யார் என்பது இன்றும் தெரிகிறது. அரச குடும்பத்தின் நூல் என்றால் ஏட்டின் வரலாறும் அரச வரலாறாகிவிடும் போலும்!

நம் குறளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மாந்துவாவை அடுத்த காசுதிகிலியோனில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர், அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730ஆம் ஆண்டளவில் இலத்தீனில் பெயர்த்தார். அந்நாளில் தமிழ் மூலமோ இன்னும் ஓலையிலேதான் இருந்தது.

அச்சு வடிவம் 1812இல் வந்தது. தஞ்சை மலையப்ப பிள்ளையின் குமாரர் ஞானப்பிரகாசம், சென்னப்பட்டணத்து மாசத் தினச்சரிதை அச்சுக்கூடத்தில் திருக்குறள் மூலத்தை நாலடியாரோடு சேர்த்து வெளியிட்டார். அம்பலவாணத் தம்பிரானும் சீர்காழி வடுகநாத பண்டாரமும் பாடத்தை ஆராய்ந்தனர். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியில்லை, ஓலையில் பழகிய கண்ணே அதனைத் தடையின்றிப் படிக்கும். சுதேசிகள் தடையின்றி அச்சுக்கூடம் நடத்தும் உரிமை 1835இல்தான் கிட்டியது என்பதை நினைந்தால் இம்முயற்சியின் அருமை புலனாகும்.

ஏடு தந்தவர் யார்? அயோத்திதாசப் பண்டிதர் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் சமையற் பணியில் இருந்தவர். அவரே தம் வீட்டிலிருந்த குறள் ஏட்டையும் நாலடியார் ஏட்டையும் அளித்தார் என்றும், அவை எல்லிசு துரையின் கைக்குச் சேர்ந்தன என்றும் பண்டிதர் கூறுகிறார். 1812ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பில் கந்தப்பன் பெயர் இல்லை. அதனைக் கொண்டு பண்டிதர் கூற்றைப் புறந்தள்ளுவது முறையன்று. ஆராய்ந்தவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் முகப்பேறும். ஏடு காத்தவர் பெயர் ஏறுவது அரிது. பண்டிதர்கள் பல ஏடுகளை ஒப்பிடுவது வழக்கமாதலின், இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பனவும் அல்ல. ஒடுக்கப்பட்ட குடியினரின் வீட்டில் குறளும் நாலடியும் போற்றிக் காக்கப்பட்டன என்பதே இதில் நாம் முதற்கண் கொள்ளத்தக்க உண்மை.

எல்லிசு துரை அறத்துப்பாலின் முற்பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து, பிற தமிழ் நூல்களிலிருந்து மேற்கோள்களை வாரி வழங்கி விரிவுரையும் எழுதியவர். 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் காலமானார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள் மதுரைக் கலெக்டர் இல்லத்தில் சமையற்காரர் அடுப்பு மூட்டவும் கோழியின் மயிர் பொசுக்கவும் மாதக்கணக்கில் பயன்பட்டன எனத் தாம் கேள்வியுற்றதை வால்டர் எலியட்டு பதிந்துள்ளார். நம் திண்டுக்கல்லும் அன்று அந்தக் கலெக்டரின் ஆட்சிக்குள் அடங்கியதே. ஒரு சமையற்காரர் காத்துத் தந்த ஏடு அச்சேறியது. மற்றொரு சமையற்கட்டில் அறிஞரின் உழைப்பு சாம்பலாயிற்று. இரண்டாமவரைக் குறைசொல்லி என்ன பயன்? அத்தாள்களின் அருமையை அவருக்கு எடுத்துரைத்திருக்க வேண்டியவர் கலெக்டர் அல்லரோ?

அச்சேறியிருந்த விரிவுரைப் பகுதி எஞ்சியது. இரா. பி. சேதுப்பிள்ளை அதனைப் பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1955இல் வெளியிட்டது.