கூடிப் படித்த காலம்

இளைய சந்ததியார் புத்தகத்தைத் தொடுவதில்லை என்ற வருத்தம் சிங்கப்பூரில் தமிழர் கூடும் இடமெல்லாம் பேசப்படுகிறது. கலியாணப் பந்தியிலும், தேக்கா சந்தையின் காய்கறிக் கடை முன்பும், ஏப்ரல் மாதத்துத் தமிழ்மொழி விழா மேடைகளிலும் இவ்விஷயம் எழும்போதெல்லாம், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவோர் பதினைந்து வயதுப் பிள்ளைகளே. அவர்கள்மீது தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அவர்களுடைய பாட்டனார்கள் எதைப் படித்தார்கள், எங்கே படித்தார்கள், யாரோடு படித்தார்கள் என்ற சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நியாயமென்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அந்தச் சரித்திரத்தில் வாசிப்பு என்பது, ஒருவர் தனியே மூலையில் அமர்ந்து மௌனமாகச் செய்த காரியமாகப் பெரும்பாலும் இருக்கவில்லை.

இந்த விசாரணையைத் தெம்பனிஸிலிருந்து தொடங்குவது பொருத்தம். 1970களின் பிற்பகுதிவரை மணற்குழிகளும் தோட்டங்களும் கோழி, பன்றிப் பண்ணைகளும் கம்பத்து வீடுகளுமாகக் கிடந்த அந்தக் கிழக்குப் பிரதேசம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தாரின் முயற்சியால் பெரிய நகராக எழுந்து 1992ல் உலக வாழ்விட விருதும் பெற்றது. அடுத்த இரண்டாண்டில், 1994 டிசம்பரில், நாட்டின் முதல் வட்டார நூலகமும் அங்கேதான் திறக்கப்பட்டது. பழைய விளையாட்டரங்கம் இருந்த நிலத்தில் எழுந்த 'நமது தெம்பனிஸ் நடுவ'த்துக்கு 2017ல் இடம் மாறிய அந்நூலகம், இன்று ஐந்து தளங்களில் பரந்து, காற்பந்துத் திடலைப் பார்த்தபடி உட்கார்ந்து படிக்கும் வசதியோடு விளங்குகிறது. படிப்பகத்துப் பலகையில் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்து ஒரே பத்திரிகையைப் பங்கிட்டுக்கொண்ட முந்திய தலைமுறையார் இப்படி ஒரு வசதியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். வசதி பெருகிய காலத்திலேயே வாசிப்பு தேய்ந்ததென்றால், நாம் இழந்தது புத்தகத்தை அல்ல, வேறொன்றை என்பது தெளிவு.

சிங்கப்பூரில் தமிழ் அச்சேறிய கதை பழையது. நாகூர் முகம்மது அப்துல் காதிர்ப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' 1872ல் வெளிவந்தது. 1887ல் யாழ்ப்பாணத்து வண்ணை நகர் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' பிரசுரமாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சி. கு. மகுதூம் சாயபு 'சிங்கைநேசன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1890 வரை நடந்த அப்பத்திரிகையின் இதழ்களை இன்று எவரும் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பழைய எழுத்துருவில் புள்ளியும் பத்திப் பிரிவும் அருகி நெருங்கி ஓடும் அந்தப் பத்திகளைக் கண்ணால் மட்டும் படிப்பது கடினம். வாய்விட்டுப் படித்தால் வாக்கியம் தானே பிரிந்து பொருள் விளங்கும். 1888ல் அதில் மகுதூம் சாயபு எழுதிய 'விநோத சம்பாஷணை' இருவர் பேசுவது போலவே அமைந்திருப்பதையும் சேர்த்துப் பார்க்கையில், ஒருவர் படிக்கப் பலர் கேட்பார்கள் என்ற எண்ணத்தோடுதான் அவர் பேனா பிடித்தார் என்று நம்பத் தோன்றுகிறது. இது என் ஊகம். ஆயினும் எழுத்தறிந்தோர் சிலராகவும் செய்திக்கு ஏங்கியோர் பலராகவும் இருந்த ஒரு துறைமுகப் பட்டினத்தில் வேறெவ்விதம் ஒரு பத்திரிகை நடந்திருக்க முடியும்?

அந்த ஏக்கத்தை முழுமையாக உணர்ந்தவர் கோ. சாரங்கபாணி. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் 1935 ஜூலை 6ஆம் தேதி அவர் தொடங்கிய 'தமிழ் முரசு' ஒரு காசுக்கு விற்கப்பட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், நகராட்சியில் தெருக் கூட்டியவரும், செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை செய்தவரும் வாங்கக்கூடிய விலை அது. வாங்க முடிந்த எல்லாராலும் படிக்க முடிந்ததா என்றால், இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியவை படிப்பகங்கள். தொழிலாளர் குடியிருப்பின் ஓரத்தில் ஓர் அறை, நீளமான இரண்டு பலகைகள், சுவரில் தலைவர்களின் படங்கள், மாதச் சந்தாவில் வாங்கிய பத்திரிகைகள் என்ற அளவில்தான் அவற்றில் பல இருந்தன. சாயங்காலம் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து உட்காருபவர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள், இடைமறிப்பார்கள், ஈரோட்டுச் செய்தியையும் கோலாலம்பூர்ச் செய்தியையும் வைத்துக்கொண்டு விவாதிப்பார்கள். விவாதத்தில் தோற்றவர் மறுநாள் தாமே படித்து வந்து பதில் சொல்ல வேண்டும் என்ற ரோஷத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டதும் உண்டு. சீர்திருத்தம் பேசிய படிப்பகமும் உண்டு, பக்தி பேசிய சபையும் உண்டு. இரண்டிலும் கேட்பவர் கூட்டம் இருந்தது.

1952ல் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைத் தொடங்கியது இவ்வரலாற்றில் மிக முக்கியமான சம்பவம் என்பேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பிய கவிதையும் கட்டுரையும் அதில் அச்சாயின. பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் விளங்கிய பலர் தங்கள் பெயரை முதன்முதலில் அச்சில் கண்டது அங்கேதான். தன் பெயரை அடுத்த வீட்டார் படிக்கக் கேட்ட பிள்ளை, அடுத்த வாரம் பிறர் எழுதியதையும் தேடிப் படிக்காமல் இருக்குமா? படி என்று எவரும் அதற்கு உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இதனோடு சேர்த்து நினைக்க வேண்டியது 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி. 1950களின் நடுவில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அதில் தமிழுக்கு உரிய ஸ்தானம் வேண்டும் என்று சாரங்கபாணி தம் பத்திரிகையில் வாதாடியதோடு நில்லாமல், பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். கொடுத்தவர்களில் மிகப் பலர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசற்படியை மிதிக்க வாய்ப்பில்லாத கூலித் தொழிலாளர்கள். தாம் ஒருநாளும் கையில் எடுக்கப்போகாத புத்தகங்களுக்காக, நாட்கூலியிலிருந்து காசு எடுத்துத் தந்தார்கள். 1956ல் அத்துறை தொடங்கிற்று. படிக்கத் தெரியாதவர் நூலகம் கட்டிய இந்தச் செய்தியை நம் பாடப் புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை. இதைப் போன்றதொரு காரியத்தைச் சீனச் சமூகத்தின் லீ கோங் சியான் 1953ல் வேறு விதத்தில் செய்தார்: 3,75,000 வெள்ளி நன்கொடை தந்து, கட்டப்படும் நூலகம் யாவருக்கும் இலவசமாக இருக்கவேண்டும், உள்நாட்டு மக்களின் மொழி நூல்களும் அங்கே இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1960ல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் திறந்த தேசிய நூலகத்தில், சந்தா கட்டாமலேயே தமிழர் தமிழ் நூல் எடுக்க முடிந்தது.

இவ்வளவும் எப்படிக் கரைந்தது? பிள்ளைகளைக் குறை சொல்வோர் இந்த இடத்தில் பொறுமையாகக் கேட்கவேண்டும். 1971ல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது செம்பவாங் தளத்தை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல பிழைப்பிழந்தன. ஒரு பகுதியினர் தமிழ்நாட்டுக்கே திரும்பினார்கள். அவர்களோடு அவர்கள் நடத்திய சங்கமும் படிப்பகமும் தளர்ந்தன. ஆங்கிலம் அறிந்தவனுக்கே உத்தியோகம் என்ற நிலை உறுதிப்பட்டதும், பெற்றோர் தாமே முன்வந்து பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள்; அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, வயிற்றுப்பாட்டை யார் மறுப்பது? ஆனால் அதன் பலனாகத் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மாணவரில்லாமல் மூடின. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946ல் தொடங்கி, பின்னர் நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த உமறுப் புலவர் பள்ளி 1982ல் கதவடைத்தது. 1987ல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழியாயிற்று. அறிவியலையும் சரித்திரத்தையும் தமிழில் படித்த கடைசிப் பிள்ளைகள் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குத் தமிழ் ஒரு பாடம், தேர்வு முடிந்ததும் மூடி வைக்கவேண்டிய புத்தகம்.

மற்றொரு காரணத்தை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. தெம்பனிஸைப் பார்த்தால்தான் அது புரியும். கம்பங்களிலிருந்தும் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் பெயர்த்து அடுக்குமாடிக்குக் கொண்டுவரப்பட்ட மக்கள், இன வேறுபாடின்றிக் கலந்து வாழவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு 1989 மார்ச்சில் வீட்டு ஒதுக்கீட்டுக்கு இனவாரி வரம்பு வகுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டால் இந்நாட்டுக்கு விளைந்த நன்மையை மறுப்பவன் நன்றி கெட்டவன். எனினும், ஒரு புளோக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தமிழ்க் குடும்பங்கள் என்று ஆனபின், வேலை முடிந்து சட்டையை மாற்றிக்கொண்டு நடந்துபோய்ச் சேரும் தூரத்தில் படிப்பகம் எப்படி இருக்கும்? யார் படிக்க யார் கேட்பது? படிப்பகத்துக்குத் தேவையான முதல் பொருள் புத்தகமன்று, பத்துப் பேர். அந்தப் பத்துப் பேர் ஒரே தெருவிலிருந்து பத்துப் பேட்டைகளுக்குப் பிரிந்துபோனார்கள். கதவைச் சாத்திய வீட்டுக்குள் தொலைக்காட்சி நுழைந்தது, பின்பு கைப்பேசி நுழைந்தது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னோர் நாட்டின் குடியிருப்பாளர்களில் 2010ல் 3.3 விழுக்காடாக இருந்து 2020ல் 2.5 விழுக்காடாகக் குறைந்ததாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. வாய்க்கு வராத மொழியைக் கண்ணுக்குப் பழக்குவது எந்தப் பிள்ளைக்கும் எளிதன்று.

அறிஞர்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. நா. கோவிந்தசாமியின் அயராத உழைப்பால் சிங்கப்பூர்க் கவிதைத் தளமொன்றின் வாயிலாக 1995லேயே தமிழ் இணையத்தில் ஏறிற்று; 1965 முதல் ஐம்பதாண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைச் சமூகத் தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து மின்னிலக்கமாக்கி 2015ல் வெளியிட்டார்கள். வாசகர் வட்டத்தார் அங் மோ கியோ நூலகத்தில் கூடி நூல்களை விவாதித்து வந்திருக்கிறார்கள். 'தமிழ் முரசு' மாணவர்க்கும் பாலர்க்கும் இன்றும் பக்கம் ஒதுக்குகிறது. தெம்பனிஸ் நூலகத்தின் தமிழ் அலமாரியில் நாவலும் சிறுகதையும் சமையற் குறிப்பும் பக்தி நூலும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. பகல் வேளைகளில் நான் அங்கே பார்த்த தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெரியவர்கள். தத்தமக்கு ஒரு நாற்காலி, தத்தமக்கு ஒரு பத்திரிகை. நூலகத்தின் மரியாதை மௌனம். நம் வாசிப்பின் சுபாவமோ சத்தம்.

பாட்டனார்கள் படித்த விதத்தில் இன்றைக்கும் படிப்பவர்கள் சிங்கப்பூரில் இல்லாமல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கத்துப் புல்வெளிகளில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் தமிழ்நாட்டு ஊழியர்களிடையே, ஒருவர் கைப்பேசியில் வந்ததை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டுச் சிரிப்பதையும் சண்டை போடுவதையும் எவரும் காணலாம். 2014ல் வங்காள ஊழியர்களுக்காகத் தொடங்கிப் பிற மொழியினருக்கும் விரிந்த வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியில் தமிழிலும் கவிதைகள் வந்தன. 1935ல் ஒரு காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிய கூட்டத்தின் நேர் வாரிசுகள் இவர்களே. தெம்பனிஸில் வளரும் நம் பிள்ளைகளில் ஒருவர் இந்த வட்டத்தில் உட்கார்ந்து ஒரு கதை கேட்டதாக நான் இதுவரை அறியேன். அவர்களை அங்கே அழைத்துச் சென்ற பெற்றோர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.