குழந்தைகளுக்கான டூத்பிரஷ்

பால்பற்களில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஒட்டும் படலத்தை அகற்றச் சிறிய வாய்க்கேற்ப வடிவமைக்கப்படும் பிரஷ். படலம் தங்கினால் ஈறு சிவந்து வீங்கும், மீண்டும் துலக்கினால் ஆறும் என்பதை ஹரால்ட் லோவும் சக ஆய்வாளர்களும் 1965இல் டென்மார்க்கில் தன்னார்வலர்களைக் கொண்டு நிறுவினர்.

வடிவமைப்பில் முதன்மையானது தலைப்பகுதியின் அளவு. ஏறத்தாழ 6 வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், முழுதாக எழும்பும்வரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருக்கும். பெரிய பிரஷ் அதைத் தொடாமல் மேலே கடந்துபோகும். வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டிய அந்தப் பல் எளிதில் சொத்தையாவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறிய தலையுள்ள பிரஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக நுழைத்து அதைத் தனியே துலக்க வேண்டும்.

மென்மையான, நுனி உருண்ட நைலான் இழைகள் ஈறைக் கீறாது. குழந்தை உள்ளங்கையால் இறுகப் பற்றுவதால் பருத்த கைப்பிடி ஏற்றது. பெரியவர்களையும் சிறுவர்களையும் உள்ளடக்கிய 2014ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, மூன்று மாதங்களுக்கு மேல் மின்பிரஷ் பயன்படுத்தியவர்களிடம், சாதாரண பிரஷ் பயன்படுத்தியவர்களைவிடப் படலம் 21 சதவீதமும் ஈறழற்சி 11 சதவீதமும் குறைவு. ஆனாலும் 7, 8 வயதுவரை பெற்றோரே துலக்கிவிடுவதற்கு எந்த பிரஷும் மாற்றாகாது. இழைகள் விரிந்ததும் பிரஷை மாற்றிவிட வேண்டும்.