லட்சமாவது புத்தகம்

புத்தகமும் பணமும் பிறர் கைக்குப் போனால் போனதுதான் என்று வடமொழியில் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவர் நடுவயதைத் தாண்டியவராகத்தான் இருந்திருக்க வேண்டும். வயது ஏற ஏற மனிதன் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டக் கற்றுக்கொள்கிறான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் புத்தி கிடையாது. ஒரு கதை அவனுக்குப் பிடித்துவிட்டால், அதை இன்னொருவன் தலையில் கட்டுகிற வரையில் அவனுக்குத் தூக்கம் வராது. "படித்துவிட்டுக் கொடுடா" என்று சிநேகிதன் கையில் திணித்துவிட்டு, மறுநாள் காலையிலேயே "எதுவரைக்கும் வந்திருக்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பான்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் நான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிதும் கடமைப்பட்டவன். மதிப்புரைகள் ஒரு நூலை வாழ்த்தும், வையும். விளம்பரங்கள் அதன் பெயரை நாலு பேருக்குச் சொல்லும். ஆனால் கை மாறிக் கை மாறி, அட்டை கிழிந்து, கடைசி நாலு பக்கங்கள் காணாமற்போன நிலையிலும் அதை உயிரோடு வைத்திருப்பவர்கள் இளம் வாசகர்கள்தாம்.

இது ஏதோ பிள்ளை விளையாட்டு என்றுதான் நாம் சாதாரணமாக நினைக்கிறோம். வயிறு நிறைந்து, வீடு அமைதியாக இருக்கும் காலத்தில் இந்தப் பழக்கத்தின் முழு அர்த்தமும் நமக்குப் புலப்படுவதில்லை. அது புலப்பட்ட ஓர் இடம் சரித்திரத்தில் உண்டு. அந்த இடம் வில்னா.

இன்று லித்துவேனியா நாட்டின் தலைநகராக, வில்னியஸ் என்ற பெயரோடு விளங்கும் நகரம் அது. இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்னால் அங்கே ஏறக்குறைய அறுபதினாயிரம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அச்சுக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் நூல் நிலையங்களும் மலிந்த ஊர். "லித்துவேனியாவின் ஜெருசலேம்" என்று அதற்குப் பட்டப் பெயரே இருந்தது. 1941 ஜூன் மாதக் கடைசியில் ஜெர்மானியப் படை அந்நகரத்தினுள் நுழைந்தது. ஊருக்கு வெளியே பொனாரி என்ற காட்டில், ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோய்க் குழிகளின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். செப்டம்பர் 6-ஆம் தேதி, மிஞ்சியவர்களை நகரத்தின் பழைய சந்துகளுக்குள் அடைத்தார்கள். இப்படி அடைக்கப்பட்ட பகுதியைக் கெட்டோ என்று சொல்வார்கள். வில்னாவில் இரண்டு கெட்டோக்கள் ஏற்பட்டன. சில வாரங்களுக்குள் சிறியதிலிருந்தவர்கள் ஒழிக்கப்பட்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் பெரிய கெட்டோவில் சுமார் இருபதினாயிரம் பேர்தான் எஞ்சினார்கள்.

அந்தக் கெட்டோவுக்குள் ஸ்ட்ராஷூன் வீதி ஆறாம் எண் வீட்டில் ஒரு பழைய நூல் நிலையம் அகப்பட்டுக்கொண்டது. அதைத் திறந்து நடத்த முன்வந்தவர் ஹெர்மன் க்ரூக் என்பவர். அவர் வார்ஸாவில் தொழிலாளர்களுக்கான நூல் நிலையம் ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தியவர். 1939-இல் ஜெர்மானியர் போலந்தின்மீது படையெடுத்தபோது அங்கிருந்து தப்பி வில்னாவுக்கு வந்தவர். அவருக்குப் புத்தகத்தைத் தவிர வேறு சொத்து கிடையாது. தினமும் நடப்பதை எழுதி வைப்பது ஒன்றே தம் கடமை என்று தீர்மானித்து, நாட்குறிப்பு எழுதிக்கொண்டே வந்தார்.

ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஜனங்களுக்கு, நாளைக்கு யாரைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று நடுங்கும் ஜனங்களுக்கு, புத்தகம் எதற்கு? நானாக இருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பேன். நடந்ததோ வேறு. 1941 அக்டோபரில் பெரிய பெரிய ஆள்பிடிப்புகள் நடந்தன. கெட்டோவில் ஜனத்தொகை குறைந்துகொண்டே போயிற்று. அதே மாதத்தில் நூல் நிலையத்திலிருந்து இரவலாகப் போன புத்தகங்களின் எண்ணிக்கை, செப்டம்பரைக் காட்டிலும் உயர்ந்தது! கணக்கில் கெட்டிக்காரரான க்ரூக் அதைக் குறித்து வைத்துவிட்டு, தாமே திகைத்துப் போனார்.

அவருடைய கணக்குகள் இன்னொன்றையும் சொல்கின்றன. வாசகர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். முப்பது வயது வரையில் உள்ளவர்களையும் சேர்த்தால் பாதிக்கு மேலே போய்விடும். ஆக, அந்த நூல் நிலையம் முக்கியமாக இளைஞர்களுடைய நூல் நிலையம். இரவல் போனவற்றில் முக்கால் பங்குக்கு மேல் கதைப் புத்தகங்கள். க்ரூக்குக்கு இதில் வருத்தம்தான். ஜனங்கள் அறிவு நூல்களைப் படிக்கவேண்டும், சிந்திக்கவேண்டும் என்று பாடுபட்ட மனிதர் அவர். லாகிரி வஸ்துவைத் தேடுவதுபோல் எல்லாரும் கதையைத் தேடுகிறார்களே என்று குறைப்பட்டுக்கொண்டார். இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் நான் க்ரூக்கோடு வழக்காட விரும்புகிறேன். சுவருக்கு வெளியே ஓர் அடி எடுத்து வைக்க முடியாத பையன், ஒரு கதையின் மூலமாகக் கடல் தாண்டிப் போய்வந்தான் என்றால், அதை லாகிரி என்பதா? மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு ஜன்னல் என்றல்லவா சொல்லவேண்டும்?

அப்படி மூச்சு வாங்கியவர்களில் ஒரு பையனை நமக்குத் தெரியும். அவன் பெயர் இட்ஸ்கோக் ருடாஷெவ்ஸ்கி. 1927 டிசம்பரில் பிறந்தவன். கெட்டோவுக்குள் அடைபட்டபோது அவனுக்குப் பதினாலு வயது நிரம்பவில்லை. அவனும் இத்திஷ் மொழியில் ஒரு நாட்குறிப்பு எழுதினான். கெட்டோவில் பள்ளிக்கூடம் இருந்தது. வாலிபர் சங்கம் ஒன்றும் இருந்தது. அந்தச் சங்கத்தில் இலக்கியத்துக்கு ஒரு குழு, சரித்திரத்துக்கு ஒரு குழு என்று பிரித்துக்கொண்டு பிள்ளைகள் கூடினார்கள். வெளிச்சம் போதாது, குளிருக்கு விறகு போதாது. ஆனாலும் ஒருவர் தாம் படித்ததைப்பற்றிப் பேச, மற்றவர்கள் கேட்டார்கள்.

1943 மார்ச் மாதத்தில் அந்தப் பிள்ளைகள் ஒரு காரியம் செய்தார்கள். யெஹோஆஷ் என்ற இத்திஷ் கவிஞருக்கு விழா எடுத்து, ஒரு கண்காட்சியும் வைத்தார்கள். யெஹோஆஷ் லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். பைபிளை இத்திஷ் மொழியில் பெயர்த்தவர். அவர் இறந்து அப்போது பதினாறு வருஷங்கள் ஆகியிருந்தன. அவரைப்பற்றிய பொருள்கள் கெட்டோவுக்குள் ஏது? அங்கேதான் இருக்கிறது விசேஷம். வில்னாவில் யூதர்களின் பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அதிலிருந்த நூல்களையும் ஏடுகளையும் பிரித்து, வேண்டியதை ஜெர்மனிக்கு அனுப்பவும் மீதியைக் காகித ஆலைக்குத் தள்ளவும் நாஜிகள் ஏற்பாடு செய்தார்கள். அந்த வேலைக்குக் கெட்டோவிலிருந்தே படித்தவர்களைப் பிடித்துப் போட்டார்கள். க்ரூக்கும், கவிஞர் ஆப்ரகாம் ஸுட்ஸ்கெவரும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் மாலையில் திரும்பும்போது சட்டைக்குள்ளும் இடுப்பிலும் ஏடுகளைக் கட்டிக்கொண்டு, காவற்காரன் கண்ணில் மண்ணைத் தூவி, கெட்டோவுக்குள் கொண்டுவந்தார்கள். அகப்பட்டால் உயிர் போகும். அப்படி வந்த ஏடுகள்தாம் பிள்ளைகளுடைய கண்காட்சியில் இடம்பெற்றன. "எங்களுக்குப் பிடித்த கவிஞர் இவர், வந்து பாருங்கள்" என்று சொல்வதற்கு இதைவிட அதிக விலை கொடுத்த ரஸிகர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

இனி, கை மாறிய ஒரு நாவலின் கதையைச் சொல்லவேண்டும். பிராக் நகரத்தில் பிறந்த யூத எழுத்தாளர் பிரான்ஸ் வெர்பெல், டமாஸ்கஸில் அநாதைகளாக அலைந்த ஆர்மீனியக் குழந்தைகளைக் கண்டு மனம் பதறி ஒரு நாவல் எழுதினார். "மூஸா மலையின் நாற்பது நாட்கள்" என்பது அதன் பெயர். 1915-இல் துருக்கி அரசாங்கம் ஆர்மீனியர்களை ஊர் ஊராகக் கிளப்பிப் பாலைவனத்துக்குத் துரத்தியது. அப்போது கடலோரத்துக் கிராமத்து ஜனங்கள் சிலர், மூஸா மலையின்மேல் ஏறி எதிர்த்து நின்றார்கள். கடைசியில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றின. இந்த நிகழ்ச்சியை வைத்து எழுதிய நாவல் 1933-இல் வெளியாயிற்று. அதே வருஷத்தில்தான் ஹிட்லர் பதவிக்கு வந்தான். அடுத்த வருஷமே ஜெர்மனியில் நாவலுக்குத் தடை போட்டார்கள்.

தடை போட்டவர்களுக்கு அந்தப் புத்தகம் எங்கே போய்ச் சேரும் என்று தெரியவில்லை. போலந்திலும் லித்துவேனியாவிலும் இருந்த கெட்டோக்களில் வாலிபர்களும் யுவதிகளும் அதைத் தேடித் தேடிப் படித்தார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்கு, அவர் முடித்ததும் அதற்கடுத்தவருக்கு. வில்னா நூல் நிலையத்தில் அதற்கு இருந்த கிராக்கி சொல்லி முடியாது. பியாலிஸ்டோக் கெட்டோவில் 1943 பிப்ரவரியில் இளைஞர் இயக்கத்தார் கூடி, காட்டுக்குத் தப்பிப்பதா, கெட்டோவிலேயே நின்று எதிர்ப்பதா என்று விவாதித்தார்கள். கெட்டோவையே நம் மூஸா மலையாக்குவோம் என்ற கருத்தில் அங்கே ஒருவர் பேசினார். விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எல்லாருமே அந்த நாவலைப் படித்தவர்கள்! ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் சொன்னபடியே ஆயுதம் எடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய மலையடிவாரத்துக்கு எந்தக் கப்பலும் வரவில்லை.

மறுபடி வில்னாவுக்கு வருவோம். 1942 டிசம்பர் 13-ஆம் தேதி கெட்டோவில் ஒரு விழா நடந்தது. நூல் நிலையம் இரவல் கொடுத்த புத்தகங்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டிவிட்டது. இருபதினாயிரம் பேர் அடைபட்ட இடத்தில், பதினைந்து மாதங்களுக்குள் ஒரு லட்சம்! கெட்டோவின் நாடக அரங்கில் கூடினார்கள். அந்த நாடக அரங்கு ஆரம்பமானபோது, சுடுகாட்டில் நாடகம் எதற்கு என்று எதிர்த்தவர்களில் க்ரூக்கும் ஒருவர். அதே அரங்கில் அவருடைய நூல் நிலையத்துக்கு விழா நடந்தது. சொற்பொழிவுகள் இருந்தன, கலை நிகழ்ச்சிகளும் இருந்தன. ருடாஷெவ்ஸ்கியும் பள்ளிக்கூடத்திலிருந்து மற்றப் பிள்ளைகளுடன் வந்திருந்தான். மூன்று நாட்களுக்கு முன்புதான் அவனுக்குப் பதினைந்து வயது நிறைந்திருந்தது. விழாவைப்பற்றியும், வாசிப்புத் தனக்குத் தரும் ஆனந்தத்தைப்பற்றியும் அவன் அன்றே எழுதி வைத்தான்.

பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1943 செப்டம்பர் 23-ஆம் தேதி கெட்டோ அழிக்கப்பட்டது. மறைவிடத்தில் பதுங்கியிருந்த ருடாஷெவ்ஸ்கியின் குடும்பம் பிடிபட்டுப் பொனாரியில் கொல்லப்பட்டது. தப்பிக் காட்டுக்குப் போய்ப் போராளிகளுடன் சேர்ந்த அவனுடைய உறவுப் பெண் ஒருத்தி, ஊர் விடுதலையான பிறகு திரும்பிவந்து அந்த மறைவிடத்தில் அவன் நாட்குறிப்பைக் கண்டெடுத்தாள். க்ரூக்கை எஸ்தோனியாவிலுள்ள முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். 1944 செப்டம்பர் 17-ஆம் தேதி அவர் தம் குறிப்புகளை மண்ணில் புதைத்தார். மறுநாள் அவரைக் கொன்றார்கள். அதற்குச் சில நாட்களுக்குள் ரஷ்யப் படை அங்கே வந்து சேர்ந்தது. குறிப்புகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. 1961-இல் அச்சாகின.

நாஜிகள் செய்த கொலைகளுக்கு எத்தனையோ கணக்குகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது நெஞ்சு மரத்துப்போகிறது. க்ரூக் எழுதிய இரவல் கணக்கைப் படிக்கும்போது என் நெஞ்சு மரத்துப்போவதில்லை. காரணம் என்ன என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு அற்பமான கதைப் புத்தகமானாலும் சரி, அதை ஒருவன் இன்னொருவனிடம் கொடுத்து "படித்துவிட்டுக் கொடு" என்கிறபோது, அந்த வார்த்தைக்குள் பல நம்பிக்கைகள் அடங்கியிருக்கின்றன. நீ இதைப் படித்து முடிக்கிற வரையில் இருப்பாய், நானும் இருப்பேன், இருவரும் சந்திப்போம், எந்த இடம் பிடித்தது என்று சண்டை போடுவோம். நாளை என்று ஒன்று உண்டு என நம்பாதவன் இரவல் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. நாளையே கிடையாது என்று தீர்ப்பெழுதப்பட்ட ஒரு நகரத்தில், லட்சம் தடவை ஜனங்கள் அந்தத் தீர்ப்பைக் கையெழுத்துப் போட்டு மறுத்தார்கள். அவர்களில் பெரும்பாலார் இளைஞர்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கதைப் புத்தகத்துக்காக அடித்துக்கொள்ளும்போதும், பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்துவிட்டு அடுத்த வீட்டுப் பையனுக்கு ரகசியமாகக் கைமாற்றும்போதும், பெரியவர்கள் கொஞ்சம் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடலாம். அட்டை கிழியும், பக்கம் மடங்கும், சில சமயம் புத்தகம் திரும்பி வராமலே போகும். போனால் போகட்டும்.